கப்பல் வந்த கிழமை

விசாரணை ஆணையத்துக்கு நான் கொண்டுபோன ஒரே காகிதம் கப்பல் அட்டவணை. எந்தத் தீவுக்கு எந்தக் கிழமை கப்பல் என்று அச்சடித்த ஒற்றைத் தாள். போர்ட் பிளேரில் அது மேசைக் கண்ணாடிக்கு அடியில் இல்லாத அலுவலகமே கிடையாது. மொழிபெயர்க்கப் போனவன் அகராதி கொண்டுபோயிருக்கலாம். என் கேடுகாலம், இதை எடுத்துப் போனேன்.

லாங் ஐலண்டுக்கு அப்பால் ஒரு சின்னத் தீவு. பெயர் சொல்லி வம்பில் மாட்ட எனக்குத் தெம்பில்லை. கடற்கரையில் மணல் அள்ள விடமாட்டேன் என்று நின்ற பஞ்சாயத்துத் தலைவரை ஒரு சாயங்காலம் வீட்டு வாசலிலேயே வெட்டிப் போட்டார்கள். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்து அதையே சொன்னவரையும் மறு வருஷம் முடித்துவிட்டார்கள். இரண்டும் சொந்தப் பகை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று போலீஸ் கையைத் துடைத்துக்கொண்டது. ஊர் கொதித்த பிறகே அரசு ஒரு நபர் ஆணையம் போட்டது. இரண்டு கொலைக்கும் பின்னால் யாராவது திட்டம் போட்டார்களா என்பதுதான் கேள்வி.

கொலைகாரர்களைப் பார்த்த சாட்சி ஒருவர்தான், முதலில் செத்த தலைவரின் மனைவி. தீவுகளில் பஞ்சாயத்துத் தலைவரைப் பிரதான் என்போம். அதனால் எனக்கு அவர் பிரதான் வீட்டு அக்கா. கன்னியாகுமரிக் கரையிலிருந்து கலியாணமாகி வந்தவர், கப்பல் அணையும் ஜெட்டியில் மீன் விற்பவர். ஆணையத்தின் நீதிபதிக்கு முன்னால் நின்றும் குரல் நடுங்கவில்லை.

"ரெண்டு பேரும் ஜஹாஜ்லதான் வந்தானுவ. எங்கிட்டதான் பிரதான் வீடு எங்கன்னு கேட்டானுவ. நான்தான் கையக் காட்டி வுட்டேன். இருட்டுமுன்ன அதே ஜஹாஜ்ல ஏறிப் போயிட்டானுவ" என்றார். தீவுகளில் கப்பலுக்கு ஜஹாஜ் என்றுதான் பேச்சு. கையைக் காட்டியதைச் சொல்லும்போது மட்டும் அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

என்றைக்கு என்று கேட்டார் மெயின்லாண்டிலிருந்து வந்த அரசு வக்கீல். "ஜஹாஜ் வந்த அன்னிக்கு" என்றார் அக்கா. மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அதே பதில். வாரம் ஒரு கப்பல் வரும் ஊரில் வேறெப்படிச் சொல்வார்கள்? பிள்ளை பிறந்ததும் பெரியவர் செத்ததும் அந்தக் கப்பல், இந்தக் கப்பல் என்றுதான் அவர்கள் ஞாபகத்தில் இருக்கும். வக்கீலுக்கோ விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா? தாளைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை, ஸார்" என்று ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தேன். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டியதும் அரைகுறைதான். அக்கா என்னை நம்பிக் கைநாட்டு வைத்தார்.

மறுநாள் ஜெட்டிக் கூலியாள் ஒருவர், கப்பலிலிருந்து அரிசி மூட்டை இறக்கும்போதுதான் வெட்டிய செய்தி வந்தது என்று சாட்சி சொன்னார். அன்று மாலையே கப்பல் அலுவலகத்துக்கு ஓடினேன். கொலை நடந்தது வியாழக்கிழமை; அதைக்கூட நான் ஒத்துப் பார்த்திருக்கவில்லை. அந்த வாரம் கடல் கொந்தளித்து, கப்பல் இரண்டு நாள் தாமதமாக வியாழனன்றுதான் போயிருக்கிறது. அட்டவணைப்படி கப்பல் ஓடாது என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? இந்தத் தப்பை வக்கீல் செய்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

கப்பலின் பதிவேட்டு நகலை வாங்கி இணைத்து, தவறு என்னுடையது என்று மனுக் கொடுத்தேன். சாட்சி ஒப்பமிட்ட வாக்குமூலத்தைத் திருத்த இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே இரண்டு வரி, தேதி மட்டும் வேறு. மூன்றாம் முறை நேரிலேயே போனேன். "ஃபைல் ஊபர் கயா, பாய்" என்றார் எழுத்தர், கூரையைக் காட்டி. ஃபைல் மேலே போய்விட்டதாம். அவர் தேநீரைக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும் போல ஆத்திரம். கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இன்று அந்த அறிக்கை இணையத்தில் கிடக்கிறது, யாரும் படிக்கலாம். சாட்சி சொல்லும் ஆட்கள் செவ்வாயன்றே வந்து திரும்பிவிட்டதால் வியாழக்கிழமைக் கொலைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை, சாட்சியம் நம்பத்தக்கதல்ல, சதிக்கு ஆதாரமில்லை. இவ்வளவுதான்.

போன மாதம் அக்கா அதை அச்செடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். தமிழில் சொல்லச் சொன்னார். இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"நான் கெழம சொல்லவே இல்லியே தம்பி."

"சொல்லலக்கா. நான்தான் சொன்னேன்."

திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன். தாள்களை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அப்ப அவிய என்னய நம்பாம இல்ல" என்றார். "ஒன்னயத்தான் நம்பிட்டாவ."