புண்ணியவான் டப்பா

எலெக்ட்ரிக் கிதாரின் முதுகுத் தகட்டைக் கழற்றியதும், ரிப்பேர்க்காரர் மூக்கை உள்ளே விடாத குறையாகக் குனிந்து, "எந்தப் புண்ணியவான் கைவெச்சது இது?" என்கிறார். கிதார் கொண்டுவந்தவர் பதில் சொல்லத் தேவையில்லை. முன்பு பழுதுபார்த்தவன் தப்பாக இணைத்த ஒயரை நறுக்கி, வந்தவர் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு, மேசைமேல் உள்ள பிஸ்கட் டப்பாவில் போடுகிறார். டங்கென்று கேட்க வேண்டும் என்பதற்காக நுனியில் ஈயக்கட்டியை ஒட்டவிட்டே நறுக்குவார். "ஊரார் பண்ண பாவமெல்லாம் இதுல இருக்கு, சிஸ்டர்," என்று என்னிடம் குலுக்கிக் காட்டியிருக்கிறார். முக்கால் டப்பா நிறைந்துவிட்டது.

அவர் வீட்டின் முன்னறைதான் கடை. பின்னறையில் படுக்கையோடு இருக்கும் அவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாக நான் தினமும் போகிறேன். இடையில் கதவு கிடையாது. அம்மாவைத் துடைத்து, புரட்டி, முதுகுக்குப் பவுடர் போட்டு முடிக்கும்வரை 'டொக், டொக்' கேட்டுக்கொண்டே இருக்கும். கம்பிகளுக்கு அடியில் அதிர்வை வாங்கும் காந்தக் கட்டை உண்டு, பிக்கப் என்பார்கள். அதைத் திருப்புளியால் தட்டி உயிர் இருக்கிறதா என்று பார்க்கிற சத்தம் அது. தெருவில் அவருக்கு டொக்கர் என்றே பெயர். ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அந்நேரம் யாராவது பேச்சுக் கொடுத்தால் முகம் சிவக்கக் கையால் விரட்டுவார்.

நேற்று வந்த நோயாளி அவர் மனைவியின் பேஸ் கிதார், தடித்த கம்பிகளில் கனமான ஒலி தருவது. அவள் ஓர் இசைக்குழுவில் வாசிக்கிறாள். போன வாரம் இவரே ஆசையாக அதில் புதுப் பிக்கப் ஒன்றை மாட்டிக் கொடுத்திருந்தார். சுவிட்சை மேலே தள்ளினால் பழைய பிக்கப், கீழே தள்ளினால் புதியது, நடுவில் வைத்தால் இரண்டும். மேலே நன்றாக இருந்தது, கீழேயும் குறையில்லை. நடுவில் மட்டும் ஒலி மெலிந்து கொசு பாடியது. மாலை நிகழ்ச்சியின் முதல் பாட்டு நடுவில்தான், அதுவும் பேஸ் தனியாகத் தொடங்குகிறது.

"இன்னிக்கும் இப்படிக் கேட்டுச்சுன்னா, பேஸையும் கீபோர்டுலயே வாசிச்சுக்கலாம்னு குழுத்தலைவர் சொல்லிட்டார். அப்புறம் நான் வீட்ல உக்காந்து ஈ ஓட்டணும்."

"சுவிட்ச் போயிருக்கும்."

மாற்றினார். கொசு.

"புது சுவிட்சும் டூப்ளிகேட்."

மருந்தடித்துத் துடைத்தார். கொசுதான். எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே ஊசி போடுகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"ஏங்க, தனித்தனியா ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? சேந்தாத்தானே இப்படி? சுவிட்ச் என்ன பண்ணும், பாவம்."

"நம்ம ரெண்டு பேர் மாதிரிங்கறியா?"

"நான் சொல்லல. நீங்க சொன்னீங்க."

"டேய், அவ சொல்றதைக் கொஞ்சம் கேளேன்டா!" என்றார் பின்னறையிலிருந்து அம்மா.

முள் ஆடும் மீட்டரை எடுத்து ஒயரில் மாட்டினார். பழைய பிக்கப்பைத் திருப்புளியால் தொட்டார். முள் வலப்பக்கம் துள்ளியது. புதியதைத் தொட்டார். இடப்பக்கம் துள்ளியது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. கனமான ஒலியை இரண்டும் சேர்ந்து தின்றுவிடுகின்றன. புதியதன் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருந்தன.

"எந்தப் புண்ணியவான்..." என்று ஆரம்பித்தேவிட்டார். நாக்குப் பழக்கம்.

மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். அவரையே பார்த்தாள்.

"கறுப்புன்னா எர்த்துன்னு போட்டேன். இந்தக் கம்பெனிக்காரன் வெள்ளைய எர்த்தா வெச்சிருக்கான்."

"கூட வந்த தாள்ல போட்டிருப்பானே?"

"அதையெல்லாம் யாரு படிக்கறா?"

மூச்சை அடக்கிக்கொண்டு ஒயர்களை நறுக்கி மாற்றிப் பற்றவைத்தார். அவள் சுவிட்சை நடுவில் வைத்து, தடித்த கம்பியை ஒரு இழுப்பு இழுத்தாள். பின்னறை அலமாரியில் மருந்துக் குப்பிகள் நடுங்கின. "அப்பாடா," என்றார் அம்மா.

நறுக்கிய துண்டு அவர் விரலிடுக்கில் இருந்தது. அதை மெல்லச் சட்டைப் பைக்குள் இறக்கினார். கிதாரை உறையிலிட்டுத் தோளில் மாட்டி வாசல்வரை போன மனைவி, திரும்பி வந்து டப்பாவைத் திறந்து அவர்முன் நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் துவாலை மடித்துக்கொண்டிருந்தேன். பையிலிருந்து துண்டை எடுத்து, டப்பாவுக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டு, சத்தமே வராமல் வைத்தார்.