தரச் சான்றிதழுக்குக் காத்திருந்த கண்

எங்கள் கந்தோரில் (அலுவலகத்தில்) ஒரு விதி இருந்தது: ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் மருத்துவத் தேவைக்காகத் தரச் சான்றிதழ் (எந்தத் தரத்தில் வேலை பார்த்தார் என்னும் கடிதம்) கேட்டால், அந்த வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். அதைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் உத்தியோகத்தர் விடுதியில் (தனி வார்டில்) கட்டில் கிடைக்கும். பிரதம லிகிதராக (தலைமை எழுத்தராக) இருந்தபோது அந்த விதியைப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அதனால் அதை நம்பினேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம், ஓய்வுபெற்றுக் கல்முனையில் இருந்தேன். ஒரு லுஹர் (நண்பகல்) தொழுகை முடிவில் வலப்பக்கம் ஸலாம் கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவரைக் காணவில்லை. முகத்தை முழுக்கத் திருப்பியபோதுதான் தெரிந்தது, தோள் உரச அங்கேயே இருந்தார்.

டாக்டர் காரைதீவுக்காரர். விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார்.

"குளுக்கோமா. ரெண்டு கண்ணிலயும் இருக்கு. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்தலாம். துண்டு தாறன், நாளைக்கே மட்டக்களப்புக்குப் போங்க."

(கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி, நோவில்லாமல் பார்வை நரம்பை அரிக்கும் நோய் இது.)

துண்டுக் கடிதத்தை வாங்கினேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. நான் போகவில்லை. பொது வார்டில் படுப்பதா? ஓகஸ்டில் பழைய கந்தோருக்குச் சான்றிதழ் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதினேன். ஒரு மாதம் கழித்து ஞாபகமூட்டல். பிறகு இரண்டாம் ஞாபகமூட்டல், முதலாவதன் பிரதியோடு.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குக் கட்டில் பெரிதல்ல. கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற பயம். பதில் வராதவரை போக வேண்டியதில்லை. மற்றவர்களை நான் காக்க வைத்த அதே நடைமுறை, எனக்கு ஒளிந்திருக்க நல்ல இடமாயிற்று.

மாரி வந்தது. ஒருநாள் விடியலிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. மூன்றாம் ஞாபகமூட்டலை எழுத உட்கார்ந்தேன். தாள் தெரியவில்லை.

"மகள், இருட்டிப் போச்சு. லாம்பைக் கொளுத்துங்க."

மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாப்பா, லாம்பு உங்கட வலப்பக்கம் எரியுது."

கையை நீட்டினேன். சிமினிக் கண்ணாடி சுட்டது. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன், எதுவும் மாறவில்லை. தலையைத் திருப்பியதும், குழாய்க்குள் பார்ப்பதுபோல் இடது கண்ணில் சுடர் மட்டும் வந்தது. இத்தனை நாள் நான் மழை இருட்டென்று சொல்லிக்கொண்டது மழை அல்ல.

மருமகன் வந்து பேனையைக் கையிலிருந்து எடுத்தார்.

"மாமா, இனி ஆருக்கும் எழுத வேணாம். நாளைக்கு முதல் பஸ்ஸில போவம்."

"ஓம்" என்றேன்.

பொது வார்டுதான். "வலதுக்கு இனி ஒண்டும் செய்ய ஏலாது. ஏன் இவ்வளவு சுணங்கினீங்க?" என்று நிபுணர் கேட்டார். இடது கண்ணில் அறுவை செய்தார்கள் (நீர் வடிய ஒரு சிறு வழி திறப்பது).

இரண்டு கண்ணிலும் கட்டு. கட்டை அவிழ்த்தாலும் இப்படியே இருக்குமோ என்று நினைத்துக் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் இறக்காமத்து விவசாயி ஒருவர். வேலி கட்டும்போது கண்ணில் முள் குத்தியவர். என்னைக் காக்கா (அண்ணன்) என்று கூப்பிட்டார்.

"காக்கா என்ன உத்தியோகம்?"

"பிரதம லிகிதர். ஓய்வு."

"அப்ப எண்ட வயலுக்கு வாற யானைக்கு ஒரு பெட்டிசம் எழுதுங்களன்."

"மனுவா? பதிவுத் தபால்லயா?"

"கையில குடுங்க காக்கா. அதுக்குத் தபால்ல நம்பிக்கை இல்ல."

கண் நோகச் சிரித்தேன். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "யானை திண்டது திண்டதுதான். மிச்சத்துக்குக் காவல் இருக்கன்."

கட்டு அவிழ்ந்தபோது அந்தக் குழாய் மிஞ்சியிருந்தது. இப்போது என் நாளை மணிக்கூடு பிரிப்பதில்லை. நான்கு வேளைச் சொட்டு மருந்து பிரிக்கிறது. காலையில் கண் திறந்ததும் ஜன்னல் கம்பிகளை எண்ணுகிறேன். ஐந்தும் இருந்தால் எழும்புவேன். எண்ணி முடியும்வரை பயம்தான். வலப்பக்கம் என்று ஒரு திசை எனக்கு இல்லை. அதைக் கேட்டு யாருக்கும் எழுதுவதில்லை.

சான்றிதழும் வந்தது. மகள் வாசித்தாள்: முதலாந் தரம், உத்தியோகத்தர் விடுதிக்கு உரித்துடையவர். தாமதத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. அப்படி எழுதும் வழக்கம் எங்களிடம் இருந்ததில்லை. கந்தோரில் செய்வதுபோல, அது வந்து கிடைத்த திகதியை உறையின் மூலையில் குறிக்கச் சொன்னேன்.

மார்ச் ஐந்து.