ஒரே மிதியில் நிற்கணும்

நத்தர்ஷா மனைவிக்குப் பயப்படுவார், பஸ் முதலாளிக்குப் பயப்படமாட்டார். தென்னூர் பஸ் ஷெட்டில் பதினோரு வருஷமாக மெக்கானிக்.

1963-ல் வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள், ஸ்ரீரங்கம் போகிற பஸ் ஒன்றுக்கு அவர் பிரேக் சிலிண்டரை மாற்றியிருந்தார். மாற்றும்போது எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்துவிடும்; அது இருக்கும்வரை முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் திருகைத் தளர்த்தி அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த வேலை தொடங்குவதற்குள் முதலாளி சபாபதி வந்துவிட்டார்.

"மெயின்கார்டு கேட் ஸ்டாப்புல கூட்டம் அலைமோதுது பாய். ரெண்டு தடவை மிதிச்சா பிரேக் பிடிக்குதுல்ல? வண்டிய விடுங்க."

"குறுக்க வர்றவன் ரெண்டாவது மிதி வரைக்கும் காத்திருப்பானா?"

"இங்க நான் முதலாளியா, நீங்க முதலாளியா? சேஷு, வண்டிய எடு!"

டிரைவர் சேஷு இன்ஜினைக் கிளப்பினார். நத்தர்ஷா நேராகப் போய், பஸ்ஸுக்குப் பத்தடி முன்னால் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"ஒரே மிதியில நிக்கும்னா ஓட்டிட்டு வரச் சொல்லுங்க."

சேஷு இன்ஜினை அணைத்தார். இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார்.

நத்தர்ஷா எழுந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "மிதிக்க ஆள் இல்ல முதலாளி. நீங்களே ஏறுங்க."

கொஞ்ச நேரத்தில், சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சபாபதி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். "மிதிங்க, பிடிங்க, விடுங்க" என்று சக்கரத்தடியிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது.

"கால் வலிக்குது பாய். போதுமா?"

"இன்னும் குமிழி வருது. மிதிங்க."