மேல்வீட்டுக்குப் போன அதிரசம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். அப்பா டி.வி.யில் வானிலைச் செய்தி ஓடும்போதே வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். வானம் சொல்வதை நம்பாமல் திரும்பவும் டி.வி.க்கு வருவார். அம்மா சாமி படங்களைப் பரணில் ஏற்றுவாள், வெள்ளிக்கிழமை விளக்கேற்ற இறக்குவாள், மறுபடி ஏற்றுவாள். எங்கள் வீட்டுச் சாமிகளைப் போல ஏறி இறங்கியவர்கள் எந்தக் கோயிலிலும் இருக்க மாட்டார்கள். ஈக்காட்டுத்தாங்கலில், அடையாற்றுக்கு இரண்டு தெரு தள்ளிக் கீழ்வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அது வருடா வருடம் வரும் வியாதி. எங்கள் ஃபிரிட்ஜ் பங்குனி வெயிலிலும் செங்கல்மேல்தான் நிற்கும்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை ஆறு வீட்டுக்குள் வந்ததாம். அந்தக் கதையை எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அரிசி டின் மிதந்தது, அப்பாவின் ஒற்றைச் செருப்பு சைதாப்பேட்டை வரை போனது என்று ஆளாளுக்கு ஒன்று சேர்ப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அம்மா என்ன பலகாரம் செய்தாலும் முதல் பங்கு மேல்வீட்டுக்குப் போகும். எங்களுக்கு இரண்டு வடை என்றால் அவர்களுக்கு நாலு. தூக்கிக்கொண்டு போவது நான். மேல்வீட்டுக்காரர்கள் திருநெல்வேலிப் பக்கம். தி.நகரில் துணிக்கடை வைத்திருந்தார்கள். தண்ணீர் ஏறினால் கீழ்வீட்டுக்காரர்களுக்கு அவர்கள் வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. மொட்டைமாடிச் சாவியும் அவர்களிடம்தான் இருந்தது. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிற வயதில்லை எனக்கு. அம்மாவுக்கு எங்களைவிட அவர்களைத்தான் பிடிக்கிறது என்று நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஏதோ கல்லூரியிலிருந்து ஓர் அக்கா வந்தார். மழையும் வெயிலும் முன்போல இல்லையே, ஆற்றோரத்து ஜனங்கள் அதற்கேற்ப எப்படி மாறுகிறார்கள் என்று ஆராய்ச்சியாம். எங்கள் தெருவில் எல்லோரும் அவருக்குச் செங்கல்லைக் காட்டினார்கள். நாங்களும் காட்டினோம். அக்கா செங்கல்லைப் படம் எடுத்துக்கொண்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். அம்மா தீபாவளிக்கு அதிரச மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முதல் ஈடு மேல்வீட்டுக்கு என்று அம்மா சொன்னதும் அக்கா நிமிர்ந்தார்.

"அடிக்கடி கொடுப்பீங்களா? மழை நேரத்துல கூடுதலா கொடுக்கறதுண்டா?"

அம்மாவின் கை மாவில் நின்றது. "இன்னாம்மா கேள்வி இது? ஆசையா குடுக்கறது. இதுக்குப் போய் காரணம் கேட்டா நல்லாவா கீது?"

அக்கா மன்னிப்புக் கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. படித்துவிட்டால் மனுஷருக்கு அன்பு தெரியாமல் போய்விடும் போல என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று மாலை வேலை முடிந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார், பக்கத்துத் தெரு லேத் பட்டறையில் வேலை. தெருவில் யாருக்கும் அஞ்சாதவர் என்று அவரைப் பற்றிப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். தீபாவளிச் சரக்கு கடையில் கொள்ளாமல், மேல்வீட்டுக்காரர் துணி மூட்டைகளை மாடிப்படி நெடுக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். அதைப் பார்த்ததும் மாமாவுக்கு முகமே மாறிவிட்டது.

"வழி வுட்டு வைக்க மாட்டீங்களா அண்ணாச்சி? அவசரத்துக்கு நாங்க இன்னா பறந்தா வர்றது?"

"யாருல அது சத்தம் போடுதது? படி என்ன உங்க அப்பன் கட்டினதா?"

அதற்கு மாமா சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. நான் கீழே நின்று கைதட்டினேன்.

மறுநாள் அதிரசம் கொண்டுபோனேன். மேல்வீட்டம்மா டப்பாவை வாங்கி, உள்ளே போய்க் கழுவி, வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுத்தார். "ஏட்டி, கொண்டு போ" என்றதோடு சரி. யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பக் கூடாது, ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட வேண்டும் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரிந்த முறை. அம்மா டப்பாவைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அன்றைக்கென்று பார்த்து டி.வி.யில் புயல் என்றார்கள்.

"நீ போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு" என்றாள் மாமாவிடம்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"பண்ணேன்னு நான் சொன்னனா? போய் மன்னிப்பு கேளுன்றேன்."

"நான் போறேன் விடு" என்றார் அப்பா.

"நீங்க போனா ஆவாது. வாய வுட்டது அவன்."

காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. மாமா கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். ஒருமுறை நின்று என்னைப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மூட்டைகளைத் தாண்டித் தாண்டி மேலே போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். இன்னொரு சண்டை நடக்கும் என்ற ஆசைதான்.

கதவு திறந்ததும் மாமா இரண்டு கையையும் கூப்பிக் குனிந்தார். "தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. மனசுல வெச்சுக்காதீங்க."

"சரி விடும், நானும்தான் பேசிட்டேன்" என்றார் அவர். மேல்வீட்டம்மா ஒரு கிண்ணத்தில் முறுக்கு கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. நியாயம் எங்கள் பக்கம் இருந்தது, இவர் போய்க் கும்பிடுகிறாரே என்று மானமே போனது போல இருந்தது. கிண்ணத்தைக் கண்டதும்தான் அம்மா அன்று முதன்முதலாகத் தரையில் உட்கார்ந்தாள்.

விடிந்து பார்த்தால் படியில் மூட்டைகள் இல்லை. புயலும் இல்லை. அது வழக்கம்போல ஆந்திராவுக்குப் போய்விட்டது, இங்கே சுள்ளென்று வெயில். அம்மா சாமிகளை இறக்கினாள்.

"மழையே வரல. அப்புறம் எதுக்குக் கும்பிட்டீங்க?" என்று மாமாவைக் கேட்டேன்.

"நான் கும்பிட்டதப் பாத்துதான் புயல் பயந்துக்கினு ஓடிடுச்சு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரோடு பல நாள் பேசவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் பெருமை பேசுவதையும் நிறுத்திவிட்டேன்.

நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு ஒருநாள் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். ஆறு வீட்டுக்குள் வந்த அந்த முறை, மேல்வீட்டுக்காரர்கள் குடிவந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் முகம்கூட அவர்களுக்குத் தெரியாது. கரண்டு இல்லாத இருட்டில் யாரோ கதவை இடிக்கிறார்கள் என்று பயந்து, விடியும்வரை திறக்கவில்லையாம். எங்கள் மாடிப்படிக்குக் கூரை கிடையாது. மேல்படியில், மழை என்மேல் விழாமலிருக்க மாமா என்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகைக் கொடுத்துக் குனிந்தே நின்றிருக்கிறார்.

அந்தக் கதவுக்கு முன்னால் மாமா ஒரே ஒருமுறைதான் குனிந்து நின்றார் என்று நான் நினைத்திருந்தேன். அது இரண்டாவது முறை.