ஆறு நாற்பது பஸ் வரும் வரை

எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வருகிறவர்கள் பவளத்தின் இடத்தைப் பார்த்ததும் இது யாருடைய ரூம் என்றுதான் கேட்பார்கள். ரூமும் இல்லை, ஒன்றும் இல்லை. சூளகிரிக்குப் பக்கத்தில் வண்டி பிரேக்குக்கு ரப்பர் குழாய் செய்கிற கம்பெனி எங்களுடையது. கீழே மெஷின்கள், மாடியில் ஆபீஸ். மாடியை மார்பளவு தடுப்பு வைத்து முப்பத்திரண்டு கட்டமாக அறுத்துப் போட்டிருக்கிறார்கள். கியூபிக்கிள் என்று பெயர். நாற்காலியைத் திருப்பினால் முழங்கால் இடிக்கும். தலைக்கு மேல் எரிகிற வெள்ளை விளக்கில் யாரைப் பார்த்தாலும் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி இருக்கும்.

அதில் ஒன்பது வருடமாக எனக்குப் பக்கத்துக் கட்டம் பவளத்துடையது. நான் ருக்மணி, ஓசூர்க்காரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று ஆபீஸ் முழுக்கப் பெயர். பவளம் துறையூர்ப் பக்கத்துப் பெண். தரப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்துக் கோப்பில் போடுவது அவள் வேலை. நான் நாள் முழுக்கப் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூட அவள் ஒரு மாதத்தில் பேச மாட்டாள். சிடுசிடுப்பு கிடையாது, சிரிப்பும் கிடையாது. சம்பள உயர்வு வந்தபோதும் அதே முகம்தான், அவளுடைய அப்பா தவறிவிட்டார் என்று போன் வந்தபோதும் அதே முகம்தான். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஆனால் அந்தக் கைகளுக்கு மட்டும் ஏதோ ஆசை இருந்தது. முதல் வருடம் பழைய சேலையில் ஒரு குஷன் தைத்து நாற்காலியில் போட்டாள். பிறகு சாம்பல் நிறத் தடுப்பின் மேல் மஞ்சள் துணி ஒன்றைக் குண்டூசி குத்தி மாட்டினாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணி பிளான்ட் வந்தது. மேஜைக்கடியில் கால் வைக்கக் கம்பளித் துண்டு, வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி, பூப்போட்ட பீங்கான் கப், மஞ்சள் வெளிச்சம் தருகிற சின்ன மேஜை விளக்கு, பழைய காலண்டரிலிருந்து வெட்டிய கடல் படம், ஒரு சுவர்க் கடிகாரம். எல்லாம் ஒரே நாளில் வரவில்லை. வருடத்துக்கு ஒன்று, இரண்டு என்று வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் குஷன் உறையைக் கழற்றிக்கொண்டு போய்த் துவைத்து எடுத்து வருவாள். ஜி.எம். சாரே ஒருநாள் வந்து நின்று பார்த்துவிட்டு, இங்கே உட்கார்ந்தால் தூக்கம் வராதா என்று கேட்டார். வராது சார் என்றாள், அவ்வளவுதான்.

அவள் வீட்டுக்கு நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். குருபரப்பள்ளியில், ஹைவேயை ஒட்டி வாடகை வீடு. அவள் பெண் பிரவீனாவுக்கு அம்மை போட்டிருந்தது, பார்க்கப் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சுவரில் ஒரு காலண்டர்கூட இல்லை. ஜன்னலுக்குத் திரை இல்லை. மூன்று அட்டைப்பெட்டிகள் கயிறு கட்டியபடி ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, அதன் மேல் டிவி. நேற்றுக் குடி வந்தவர்கள் வீடு மாதிரி இருந்தது. அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம், இந்த வீட்டுக்கு வந்தும் பதினோரு வருடம். ஏன் இப்படி என்று கேட்டேன். வீட்டு ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார் என்றாள். அதோடு, அடுத்த வருடம் ஊருக்கே போய்விடுவோம், எதற்கு அவிழ்க்க வேண்டும் என்று அவர் சொல்வாராம். பதினோரு வருடமாக அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் என்றால் அவள் கணவர் ராஜேஷ்குமார். ஓசூரில் வேறொரு பாக்டரியில் ஷிப்ட் வேலை. நல்ல மனுஷன், குடி கிடையாது, கைநீட்டுகிற பழக்கம் கிடையாது. ஊரில் இருக்கிற இரண்டு ஏக்கரில் ஒரு வீடு கட்டிவிட்டால் வாழ்க்கை ஆரம்பித்துவிடும் என்று நினைப்பவர். அதுவரைக்கும் நடப்பது அவருக்குக் கணக்கில் இல்லை.

எங்களுக்கு ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். வேலை அதிகம் இருப்பவர்களுக்கு ஆறு நாற்பதுக்கு இன்னொன்று. பவளம் எப்போதும் ஆறு நாற்பதில்தான் போவாள். வேலை முடியவில்லை போலும் என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் போனை மறந்துவிட்டு மாடிக்குத் திரும்பி வந்தேன். பெரிய விளக்குகளை அணைத்திருந்தார்கள். அவளுடைய சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, காலைக் கம்பளியில் வைத்துக்கொண்டு, கப்பில் டீயோடு உட்கார்ந்திருந்தாள். படிக்கவில்லை, போன் பார்க்கவில்லை. என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"சும்மாதான்க்கா. உக்காந்திருக்கேன்."

அவள் முகம் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஊசி போட்டு மரத்த இடத்தில் லேசாக உணர்ச்சி திரும்புமே, அந்த அளவுதான். தினமும் இப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இந்த வருடமும் குடும்ப தினம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். வீட்டு ஆட்களை அழைத்து வந்து கம்பெனியைச் சுற்றிக் காட்டி, சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். எச்.ஆர். ஹரீஷ்குமார் இந்தத் தடவை புதிதாக, அழகான பணியிடத்துக்குப் பரிசு என்று அறிவித்தான். நான் அவளைக் கேட்காமலேயே அவள் பெயரைக் கொடுத்துவிட்டேன். கேட்டால் வேண்டாம் என்பாள், அவளுக்குத் தன் அருமை தெரியாது என்று எனக்கு நினைப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், பவளம் ஒரு அட்டைப்பெட்டியில் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள் துணியைக்கூடக் கழற்றிவிட்டாள்.

"என்னாத்துக்கு இதெல்லாம் எடுத்து வெக்கற?" என்றேன்.

"நாளைக்கு அவரு வராருக்கா. இத்தன வருசமா ஷிப்ட்டுன்னு வரல. இந்தவாட்டி லீவு."

"வரட்டுமே. பாக்கட்டும்."

"வேண்டாம்க்கா."

இரண்டு தடவை சொன்னாள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பது வருடம் ஆனவளுக்கு அவ்வளவுதான் புத்தி. அவள் பெட்டியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தேன். துணியை இஸ்திரி போட்டது போல் இழுத்துக் குத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எது எங்கே என்று சொல்வேன், அத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். விளக்கையும் போட்டுவிட்டேன். எனக்கே பெருமை தாங்கவில்லை.

பதினொரு மணிக்கு அவர்கள் மூன்று பேரும் மாடிக்கு வந்தார்கள். பவளம் முன்னால் வந்தாள். தன் இடத்தைப் பார்த்து நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், ஒன்றுமே இல்லை. பிரவீனா ஓடிப்போய்க் குஷன் மேல் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இதெல்லாம் உன்னோடதாம்மா என்று நம்ப முடியாமல் கேட்டாள். ராஜேஷ்குமார் கடிகாரத்தின் கிட்டே போனார். கண்ணாடியின் கீழே அன்பளிப்பு என்று போட்டு அவருடைய பழைய ஷிப்ட் நண்பர்கள் நான்கு பேரின் பெயர் இருந்தது. கல்யாணத்துக்கு வந்தது. கப்பும் விளக்கும்கூட அப்படி வந்தவைதான், அவற்றையும் அவர் தொட்டுப் பார்த்தார். வீட்டில் டிவிக்குக் கீழே கயிறு கட்டி நிற்கிற பெட்டிகள் காலி என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஹரீஷ்குமார் வந்து தடுப்பின் மேல் பரிசு ரிப்பனைக் குத்தியதும் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"அஞ்சரை பஸ்ஸ விட்டுட்டு தெனமும் ஆறு நாப்பது வரைக்கும் இங்கயேதாங்க உக்காந்திருப்பா. அவ்ளோ ஆசை இந்த எடத்து மேல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"வேலை முடியறதில்லன்னு சொன்னியே," என்றார்.

அதற்குள் எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ இன்றைக்கும் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. அதில் நான் ஒருத்திதான் சிரிக்கிறேன்.

அவள் வீட்டில் சண்டை நடந்திருக்கும் என்று பயந்துகொண்டே திங்கட்கிழமை காத்திருந்தேன். சண்டை நடக்கவில்லை. ஞாயிறு ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். காலையில் எழுந்து, தப்பு என்னுடையதுதான், உன்னையும் பிள்ளையையும் பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்த மாதிரி வைத்துவிட்டேன் என்றாராம். எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டு வா, நான் ஆணி அடிக்கிறேன் என்று சொல்லி, வீட்டு ஓனரிடமும் போய்ப் பேசிவிட்டார். இதைவிட ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்? பரவாயில்லை, நம் வாயாலும் ஒரு நல்லது நடந்தது என்று தேற்றிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அவள் பையில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனாள். கடைசியாகப் போனது மணி பிளான்ட். துணி போன இடத்தில் தடுப்பு பழையபடி சாம்பலாக நின்றது, குண்டூசி குத்திய ஓட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. இப்போது ஐந்தரை பஸ்ஸில்தான் போகிறாள். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்கிறது என்று அவள் கணவருக்குச் சந்தோஷமாம்.

போன வெள்ளிக்கிழமை போனில் வீட்டுப் படங்களைக் காட்டினாள். அழகாகத்தான் செய்திருக்கிறார். ஹாலில் கடிகாரம், அதன் கீழே மஞ்சள் துணி. விளக்கடியில் பிரவீனா எழுதிக்கொண்டிருக்கிறாள். குஷனைப் போட்டு அவர் உட்கார்ந்து, பூப்போட்ட கப்பில் டீ குடித்துக்கொண்டு டிவி பார்க்கிறார். நல்லா இருக்கு பவளம், நிஜமாகவே நல்லா இருக்கு என்றேன். அவளும் ஆமாம் என்றாள். நல்ல மனசுக்கா அவருக்கு என்றாள். போனை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தாள்.

"எல்லாம் வெச்சாச்சுக்கா. இப்ப நான் எங்க போயி உக்காருறதுன்னுதான் தெரியல."

கீழே டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.