உப்பு வியாபாரி அரியணை ஏறிய பிற்பகல்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனச் சக்கரவர்த்தியை எதிர்த்துக் கிளம்பிய ஓர் உப்பு வியாபாரியைப் பார்க்கத்தான் 1926 மாசியில் ரங்கூன் சீனர் தெருவுக்குப் போனேன். அழைத்தவன் ஆ லின். பசுந்தாங் அரிசி ஆலையில் அவன் தச்சன், நான் எடை எழுதுபவன். "அண்ணே, கோயில் நாடகத்துல நாந்தான் அந்த ஆளு. வராம இருந்துராத" என்று ஆலையில் எங்களிடம் கற்ற தமிழில் ஒரு வாரமாக நச்சரித்தான்.

பகல் பன்னிரண்டரைக்கு டிராம் ஏறினேன். இரண்டு மைல், ஓரணா. சீனப் புத்தாண்டுக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்து, போய்ச் சேர முக்கால் மணி நேரம். நடந்தே போயிருக்கலாம்!

கதையை ஆ லின் முன்பே சொல்லியிருந்தான். அந்த வியாபாரி அரசாங்க உத்தியோகப் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்றவன். பஞ்சத்தில் ஜனங்கள் செத்தபோதும் வரி குறையவில்லை. உப்பு மூட்டையை இறக்கிவிட்டு வாளை எடுத்தான். பாதி நாடு பின்னால் வந்தது. தெற்குக் கடல்வரை போய்த் திரும்பி, தலைநகரையே பிடித்தான்.

இரண்டு மணிக்கு மேளம் முழங்கியது. நான்கு மணிக்கு ஆ லின் தலைநகரின் வாசலில் வாளோடு நின்றான். அப்போது ஒரு தமிழ் ஏட்டு தடியை உயர்த்திக்கொண்டு மேடையருகே வந்தார். மேளம் நின்றது.

"ராசாவ எதுத்து நாடகமாமே? நிறுத்தச் சொல்லு!"

மேடைக்குக் கீழே அவர் பேச்சு புரிந்தவன் நான் ஒருவன்தான். போலீஸைக் கண்டால் ஒதுங்குகிறவன் நான். ஆனாலும் எழுந்தேன்.

"ஏட்டையா, இது சீன ராசா. செத்து ஆயிரம் வருசமாச்சு."

"எந்த ராசாவா இருந்தா என்ன?"

"நம்ம கூத்துல ராவணன் தலை விழுதே, அவனும் ராசாதான? நிறுத்திருவமா?"

ஏட்டு என்னை உற்றுப் பார்த்தார். "கடைசியில இவன் என்ன ஆகுறான்?"

"தோத்துச் சாகுறான்."

"அப்ப சரி, சாகட்டும். பாத்துட்டே போறேன்" என்று முன்வரிசையில் உட்கார்ந்தார். சாவு மறுநாள் ஆட்டத்தில்தான் என்பதை நான் சொல்லவில்லை.

மேளம் மீண்டும் எழுந்தது. வாசல் திறந்தது. மஞ்சள் அங்கியில் ஆ லின் அரியணை ஏறியதும் தெருவே ஆர்ப்பரித்தது. ஏட்டும் கை தட்டினார். ராஜா வேஷத்தை மறந்து அவன் அங்கிருந்தே "அண்ணே!" என்று கத்தினான். நானும் கத்தினேன்.

அடுத்த சீனப் புத்தாண்டுக்கு இந்த நாடகம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு மணிக்குள் இடம் பிடியுங்கள்; மேளத்துக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். கதையை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் இரண்டு நாள். எனக்கு முதல் நாள் போதும். அவன் சாகிற அன்று நான் போகவில்லை.