வாசலில் உட்கார்ந்துவிட்ட தவம் அண்ணா

சீனாவிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து என்னிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்ட் மளிகைக் கடையில், ரயில் பிளாட்பாரத்தில், பிறந்தநாள் பார்ட்டியில்... எங்கே போனாலும் 'அங்கே என்னத்தைச் சாப்பிட்டீங்க?' கேட்கிறவர் முகத்திலேயே பாம்பும் பல்லியும் நெளிகின்றன. நூடுல்ஸ் சாப்பிட்டேன், கீரை சாப்பிட்டேன், ருசியாகவே இருந்தது என்றால் ஏமாந்துபோகிறார்கள். நான் எதையோ மறைக்கிறேனாம்!

'என்ன பார்த்தீங்க?' என்று ஒருவராவது கேட்க வேண்டுமே? ம்ஹூம். சரி, நீங்கள் கேட்டதாக வைத்துக்கொண்டு நானே சொல்லிவிடுகிறேன்.

பரமட்டாவில் என் ஆபீஸில் பக்கத்து மேஜை வசந்தி. திருகோணமலைப் பக்கத்துக்காரி. அவள் மகள் அபி, சீனாவில் ஷியாமென் என்கிற ஊரில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கிறாள். "பிள்ளையைப் பாக்கப் போறம், மீனா. நீரும் வாருமன். இப்ப விசாவும் தேவையில்லை" என்றாள் வசந்தி. என் வீட்டுக்காரர் தனக்கு லீவு கிடைக்காது என்றார். (கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்ன மாதிரி இருந்தது.) ஆக வசந்தி, அவள் கணவர் தவம் அண்ணா, நான் — மூன்று பேர் கிளம்பினோம்.

கணவன் மனைவியோடு மூன்றாவது ஆளாகப் பயணம் போயிருக்கிறீர்களா? போகாதீர்கள். அவர்கள் சண்டை போட்டால் நீங்கள் நீதிபதி. சமாதானமாகிவிட்டால் நீங்கள்தான் குற்றவாளி.

ஷியாமெனிலிருந்து புல்லட் ரயிலில் சற்று நேரம் போனால் குவான்ஸோ. பழைய துறைமுக நகரம். முன்னொரு காலத்தில் நம் ஊர் வணிகர்கள் கப்பலில் போய் அங்கே தங்கி, ஒரு சிவன் கோயிலும் கட்டியிருக்கிறார்கள். கோயில் இப்போது இல்லை. அதன் கற்கள் சில மட்டும் இருக்கின்றன. அவற்றில் இரண்டு தூண்கள் கையுவான் கோயிலில் நிற்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான புத்தர் கோயில் அது.

இந்தக் கதை முழுவதையும் வசந்தியிடம் சொல்லியிருந்தேன். அவள் தன் கணவரிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள். சிவன் என்பதைச் சொன்னவள் புத்தரை விட்டுவிட்டாள்.

ஏன் விட்டாள்? தவம் அண்ணாவைப் பற்றி உங்களுக்குத் தெரியவேண்டும். சிட்னியில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். யார் வீடு மாறினாலும் முதல் ஆளாகப் பெட்டி தூக்க வந்து நிற்பார். ஆனால் புத்தர் என்றால் ஆகாது. தோட்டச் சாமான் விற்கிற கடைக்கு உரம் வாங்கப் போவார். அங்கே வரிசையாக சிமெண்ட் புத்தர்கள் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா? அத்தனை பேரையும் ஒவ்வொருவராகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் உரத்தையே எடுப்பார். கடைக்காரப் பையன் ஒருமுறை "யூ ஓகே, மேட்?" என்று கேட்டுவிட்டான். பக்கத்தில் நின்ற வசந்திக்கு மானம் போய்விட்டது.

அப்படிப்பட்டவர், நாங்கள் மூவரும் (அபிக்குப் பள்ளிக்கூடம்) குவான்ஸோ கிளம்பிய அன்று காலை குளித்து, மூன்று பட்டையாக விபூதி பூசி, சிட்னியிலிருந்து கொண்டுவந்த கற்பூரப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரயிலில் ஜன்னலோரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். எதிரே வசந்தி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். 'பேசாதே' என்று அர்த்தம்.

கோயில் வாசலுக்குப் போனோம். உள்ளேயிருந்து மொட்டைத் தலையும் நீண்ட அங்கியுமாக இரண்டு துறவிகள் வெளியே வந்தார்கள். தவம் அண்ணா சடாரென்று நின்றார்.

"இது விகாரை எல்லோ?"

வசந்தி கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"வசந்தி, உம்மைத்தான் கேக்கிறன். இது விகாரைதானே?"

"உள்ளுக்கு எங்கட தூண் இருக்கு. அதைப் பாத்துட்டு வருவம். என்ன குறைஞ்சு போயிடும்?"

"நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. நான் வரேல்ல."

சொல்லிவிட்டு எதிர்ச் சாரியில் இருந்த ஜூஸ் கடையின் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வசந்தி விடுவாளா? நடுத்தெருவிலேயே தொடங்கினாள். உள்ளே புத்தர் சிலை இருக்கும் என்று முப்பது வருஷமாக இவரோடு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போக முடியவில்லை, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி தோட்டத்தில் புத்தர் தலை வைத்தாள் என்று அவளோடு பேச்சில்லை... அடுக்கிக்கொண்டே போனாள். தலை நிறையப் பூவளையம் வைத்துக்கொண்டு போட்டோவுக்காகச் சுற்றுகிற பெண்கள் அந்த ஊர் முழுக்க. அவர்களில் நாலைந்து பேர் எங்கள் சண்டையை ஃபோனில் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். இவ்வளவு தூரம் பறந்து வந்து நான் நடுரோட்டில் நிற்கிறேன்!

நான் மத்தியஸ்தம் செய்யப் போனேன். புத்தி வேண்டாமா எனக்கு?

"அண்ணா, இது இலங்கை இல்ல. இங்க இருக்கிறவங்க உங்களுக்கு என்ன பண்ணாங்க?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

"தங்கச்சி, எங்கட ஊரில அரச மரத்தடியில ஒரு பிள்ளையார் கோயில். அப்பா கட்டினது. ஒருநாள் விடிய எழும்பிப் பாத்தா மரத்தடியில புத்தர் சிலை. காவலுக்கு ஆமி. பிறகு மதில் வந்தது. பிறகு விகாரை வந்தது. பிள்ளையார் எங்க எண்டு அப்பா போய்க் கேட்டார். இஞ்ச கோயிலே இருந்ததில்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் படித்துவிட்டு வந்திருக்கிறேனே! "இங்க அப்படி இல்லண்ணா. கோயிலை யார் இடிச்சாங்கன்னே சரியாத் தெரியாது. விழுந்து கிடந்த கல்லைத்தான் இவங்க எடுத்து வச்சிருக்காங்க."

"விழுந்து கிடந்ததெண்டு ஆர் சொன்னது? எடுத்தவங்கள்தானே?"

'பழசையெல்லாம் மறந்துடுங்க' என்று சொல்வது எத்தனை சுலபம்! மறக்கவேண்டிய எதுவும் நமக்கு நடக்காதவரை அது ரொம்ப நல்ல அறிவுரை.

வசந்தியை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். பெரிய முற்றம். படர்ந்து நிற்கும் ஆலமரங்கள். இரண்டு பக்கமும் கல் கோபுரங்கள். எதையும் ரசிக்க முடியவில்லை. வசந்தி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். தூண்கள் பிரதான மண்டபத்துக்குப் பின்பக்கம் இருந்தன. கண்டுபிடிப்பதற்குள் கால் ஓய்ந்துவிட்டது.

ஆனால் பார்த்ததும்... என்ன சொல்ல? சாம்பல் நிறக் கல்தூண்கள் இரண்டு. இந்துக் கோயிலிலிருந்து வந்தவை என்று இங்கிலீஷிலும் எழுதிய ஒரு பலகை பக்கத்தில். வட்ட வட்டமாகச் சின்னச் சிற்பங்கள். யானையைக் காப்பாற்றக் கருடன் மேல் வருகிற பெருமாள். இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கிற நரசிம்மர். மேலே சீன ஓட்டுக் கூரை. அதைத் தாங்கிக்கொண்டு நம் ஊர்ச் சாமிகள். வசந்தி முணுமுணுப்பை விட்டுவிட்டுக் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

"அவருக்குக் காட்டோணும்."

அபி போட்டுக்கொடுத்திருந்த சீன ஆப்பில் வீடியோ கால் போட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தபடி தவம் அண்ணா தெரிந்தார். கையில் ஜூஸ்.

"தெரியுதோ?"

"உம்மட விரல்தான் தெரியுது."

"இப்ப?"

"கூரை தெரியுது. கீழ காட்டும்... கீழ. ஐயோ, அது நிலம்! ஏன் ஃபோனை இப்பிடி ஆட்டுறீர்?"

"நான் ஆட்டேல்ல."

"அந்த யானைக்குப் பக்கத்தில என்ன? இல்லை, மற்றப் பக்கம். மற்றப் பக்கம் எண்டு சொல்றன்!"

நான் ஃபோனை வாங்கிப் பிடித்தேன். எனக்கும் திட்டு விழுந்தது. வெளிச்சம் தூணுக்குப் பின்னால் விழுகிறதாம், நான் நிற்கிற இடமே சரியில்லையாம். சுற்றி நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். கடைசியாக ஃபோனிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"உங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டையும் ஒழுங்காக் காட்டத் தெரியாது!"

இணைப்பு அறுந்துபோனது.

அந்தக் கோபத்தோடேயே தவம் அண்ணா உள்ளே வந்துவிட்டார். ஆமாம், வந்தேவிட்டார்! என் சமாதானமோ சரித்திரப் பாடமோ செய்யாததை எங்கள் மோசமான கேமரா செய்துவிட்டது. முற்றத்தின் ஓரமாக, பிரதான மண்டபத்தின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், விறுவிறுவென்று நடந்து வந்தார். தூணுக்கு முன்னால் வந்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"இது பெருமாள் எல்லோ? சிவன் எங்க?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணா, கிடைச்ச சாமியைக் கும்பிடுங்களேன்!"

அவர் விடவில்லை. தூணைச் சுற்றிச் சுற்றி வந்து, எட்டிப் பார்த்து, குனிந்து பார்த்து, சடைமுடியோடு இருந்த ஒரு சின்ன உருவத்தைக் கண்டுபிடித்தார். "இது சிவன்தான்" என்றார். அறிஞர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. எனக்கு அந்த நிமிஷம் அவர் சொன்னதே போதும். கற்பூரம் ஏற்றப்போகிறாரோ என்று பயந்தேன். இல்லை. பையைத் தொட்டார், சுற்றுமுற்றும் பார்த்தார், கையை எடுத்துவிட்டார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். மெல்லிய குரலில் தேவாரம் பாடினார். பாதியில் குரல் உடைந்து நின்றுவிட்டது. விட்ட இடத்திலிருந்து வசந்தி எடுத்துப் பாடி முடித்தாள்.

திரும்பிப் பார்த்தால், பூவளையம் வைத்த ஒரு பெண்ணும் கையில் ஊதுபத்தியோடு வந்த ஒரு அம்மாளும் எங்கள் பின்னால் நின்று அதே தூணைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"இவையள் ஏன் கும்பிடினம்?" என்று முகத்தைச் சுளித்தார் தவம் அண்ணா.

"நீங்கள் கும்பிட்டனீங்கள் எல்லோ. அதான்" என்றாள் வசந்தி.

அந்தப் பெண் தன் ஃபோனை நீட்டினாள். மொழிபெயர்ப்பு ஆப். அது தமிழில் கேட்டது: 'இது உங்கள் குடும்பத்தின் கடவுளா?'

தவம் அண்ணா ஃபோனுக்குள் குனிந்து, பளிச்சென்று சொன்னார்: "ஓம்."

ஆப் சீனத்தில் ஏதோ சொன்னது. என்ன சொல்லியிருக்கும்? இலங்கைத் தமிழ் 'ஆமாம்' அதற்கு எங்கே தெரியப்போகிறது? மந்திரத்து ஓம் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கைகூப்பி, இடுப்பு வளைய அவரையே வணங்கினாள். ஊதுபத்தி அம்மாளும் வணங்கினார்.

"ஐயோ, என்னை ஏன்? நான் யெஸ் எண்டெல்லோ சொன்னனான்! தங்கச்சி, இவையளுக்குச் சொல்லும்!"

எப்படிச் சொல்வது? எந்த ஆப்பில் சொல்வது? அவர் படுகிற பாட்டைப் பார்த்து வசந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு வழியில்லாமல் தவம் அண்ணாவும் கைகூப்பி, அந்த இரண்டு பேரையும் பதிலுக்கு வணங்கினார்.

வெளியே வரும்போது அவர் முன்பக்கமாகத்தான் வந்தார். பெரிய மண்டபத்தின் திறந்த கதவுகளுக்கு நேராக ஒரு கணம் நின்றார். உள்ளே பொன்னிறத்தில் வரிசையாகப் புத்தர்கள். கும்பிடப்போகிறார் என்று நினைத்தேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்கு இப்படியெல்லாம் ஆசை வரும். அவர் கும்பிடவில்லை. பார்த்தார், நடந்துவிட்டார்.

வாசலைத் தாண்டியபிறகுதான் பேசினார். "இடிச்சாங்களோ, எடுத்தாங்களோ... அந்தக் கல்லை எறியேல்லை. எங்கட கோயில் எண்டு எழுதியும் வச்சிருக்கினம். எங்கட ஊரில அதையும் விட்டு வைக்கேல்லையே."

வசந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுரோட்டில் சண்டை போட்ட அதே வசந்திதான்.

திரும்பும் ரயிலில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"அண்ணா, உள்ள புத்தரைப் பாத்தீங்களே. எப்படி இருந்தாரு?"

"நல்ல சிலை. சிரிச்ச முகம்."

"அப்புறம் என்னண்ணா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்கட மரத்தடியில இருக்கிறதும் சிரிச்ச முகம்தான், தங்கச்சி. அதுதான் எனக்குக் கோபம்."